ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்': எது நல்லது, எது கெட்டது?

நமது வணிகர் சங்கங்கள் பல ஊர்களில் ரத்ததான முகாம் நடத்தி வருகின்றன. கடை முதலாளியும், எடை போடும் தம்பியும், மூட்டை இறக்கும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று ரத்தம் கொடுப்பது பாராட்ட வேண்டிய காரியம். அந்த ரத்தத்தை ரத்த வங்கிகள் அப்படியே நோயாளிக்கு ஏற்றிவிடுவதில்லை. எய்ட்ஸ், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மலேரியா, சிபிலிஸ் ஆகிய ஐந்துக்கும் சோதித்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது சட்டம்.

முகாம் முடிந்த சில நாட்களில் யாரோ ஒருவருக்கு அழைப்பு வருகிறது. "உங்களுக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்" என்கிறார்கள். அவர் கடைக்கு வந்து சொன்னதும், "மஞ்சள் காமாலையாம், ஒட்டிக்கொள்ளுமாம், சாமான் தொடுகிற வேலையாயிற்றே" என்று பேச்சுக் கிளம்புகிறது. கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பிவிடுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள். விஷயம் தெரியாமல் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கை வைக்கிற செயல் இது.

காமாலையை உண்டாக்கும் கிருமிகள் பல. குடிநீர், உணவு மூலம் பரவுபவை ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற இரண்டும். 'பி' வகை அப்படியல்ல. அது ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில்தான் வருகிறது. சுத்தம் செய்யாத ஊசி, ஒருவர் மழித்த பிளேடு, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றாலும் வரும். பருப்பு நிறுத்துக் கொடுப்பதால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், தும்மினாலும், கை குலுக்கினாலும் வராது. ஆகவே மளிகைக் கடையில் வேலை பார்க்க இது தடையே இல்லை.

சாக்கும் சரக்கும்

இனி அந்தப் பரிசோதனைச் சீட்டுக்கு வருவோம். நமக்குப் பழகிய பொருளைக் கொண்டே சொல்லலாம். இந்தக் கிருமியை ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாக்கு, உள்ளே சரக்கு. எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது அந்தச் சாக்கு. ரத்தத்தில் சாக்கு தென்பட்டால் கிருமி இப்போது உடலில் இருக்கிறது என்று பொருள். இதை முதலில் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டதால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றே வெகுகாலம் அழைத்தார்கள். 1976ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது சோதனை ஆன்ட்டி எச்.பி.எஸ். சாக்கை அடையாளம் கண்டு மடக்க உடம்பு வைத்திருக்கும் காவல்காரன் இது. இந்தச் சோதனை பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி! அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர் இந்தப் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து இடிந்துபோவது தேவையற்ற வேதனை. லேப்காரர்கள் சீட்டில் ஒரு வரி விளக்கம் அச்சடித்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மூன்றாவது ஆன்ட்டி எச்.பி.சி. உள்ளே இருக்கும் சரக்கைப் பார்த்த காவல்காரன். தடுப்பூசியில் வெறும் சாக்கு மட்டும்தான் இருக்கிறது, சரக்கு கிடையாது. ஆகவே தடுப்பூசியால் இந்தக் காவல்காரன் வரமாட்டான். உண்மையான கிருமி என்றைக்காவது உள்ளே வந்திருந்தால்தான் வருவான்.

மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பேரேட்டில் வரவை மட்டும் பார்த்து லாபம் சொல்ல முடியாதல்லவா? முதலாவது நெகட்டிவ், மற்ற இரண்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து தானே குணமாகியிருக்கிறது. இவர்கள் புற்றுநோய் மருந்தோ, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுக்க நேர்ந்தால் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பதுங்கியிருக்கும் கிருமி மீண்டும் தலைதூக்கக்கூடும். இரண்டாவது மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியின் பலன். மூன்றும் நெகட்டிவ் என்றால் நோயும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. வழக்கமாக முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றாவது சோதனை மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் நாமே முடிவு கட்டக்கூடாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் சோதனை பாசிட்டிவ் ஆனவர் என்ன செய்வது? ரத்த வங்கிச் சோதனை ஒரு சல்லடை மாதிரிதான். ஆகவே மருத்துவமனையில் மறுபடியும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். வயது வந்த பிறகு இந்தக் கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானே விலகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்றால் அது நாட்பட்ட தொற்று. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளுக்கோ கணக்கு தலைகீழ்: நூற்றுக்கு 90 பேரிடம் அது தங்கிவிடுகிறது. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போடுகிறார்கள்.

நாட்பட்ட தொற்று உள்ளவர் பல வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வியாபாரம் பார்க்கலாம். ஆபத்தும் அங்கேதான். ஒரு வலியும் காட்டாமல் ஈரல் சுருங்கிப்போகலாம், ஈரல் புற்றுநோயும் வரலாம். எஸ்.ஜி.பி.டி., எச்.பி.வி. டி.என்.ஏ., ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மாத்திரை இப்போதே தேவையா, காத்திருக்கலாமா என்று முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தொடர்ந்த கண்காணிப்புத் தேவை.

கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா?

இதைக் கேட்காத வியாபாரி இல்லை. நம்மில் பலர் அதை விற்பவர்களும்கூட. சென்னையில் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் பிளம்பெர்க்குடன் சேர்ந்து செய்த ஆய்வு 1988ல் லான்செட் இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்ததாகவும், வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் அது சொன்னது. உலகமே நம் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டது என்பதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் அதைச் சொல்லும். விற்கிற நாமும் வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாயார் அனைவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும். கடையில் கவனிக்க வேண்டியது ரத்தம் ஒன்றைத்தான். இந்தக் கிருமி வெளியே காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கோணி ஊசி ஏறிவிட்டால், டின் தகடு கிழித்துவிட்டால் காயத்தைக் கழுவிக் கட்டுப் போடச் சொல்லுங்கள். ரத்தம் சிந்திய இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். அந்த ஊசியை அப்படியே அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டாம். இது எல்லோருக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும், ஒருவரை மட்டும் தனியே சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

2018 ஜூலை 28ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. போகும்போது ரத்த வங்கி கொடுத்த சீட்டையும், பழைய சீட்டுகள் இருந்தால் அவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதக் கணக்கு அந்தத் தேதிகளிலிருந்துதான் தொடங்கும்.