மருந்து தொடங்கிய பின்னர்

மூளைக் காய்ச்சல் கண்ட ஒரு குழந்தைக்கு மருத்துவமனையில் மருந்து ஏற்றத் தொடங்கியாயிற்று. மூன்றாம் நாள் ஜுரமும் சற்றுத் தணிந்திருக்கிறது. ஆயினும் குழந்தை முன்னிலும் அதிகமாக மயங்கிக் கிடக்கிறது. 'மருந்து கொடுத்த பிறகும் இப்படி ஆகலாமா?' என்று தாய் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காணவே இன்று முற்படுகிறோம்.

மூளையைத் தாக்கும் வைரஸ்கள் பல. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றிகளிடமிருந்தும் கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிடமிருந்தும் மனிதனுக்குக் கொண்டுவருவது ஜப்பானிய மூளைக் காய்ச்சல். இந்திய நாட்டில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955-ஆம் ஆண்டில், வேலூர்ப் பகுதியில். இதற்குத் தடுப்பூசி உண்டு; வைரஸை ஒழிக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

மற்றொரு வகைக்கு மருந்து உண்டு. உதட்டோரத்தில் கொப்புளமாகத் தோன்றி மறையும் ஹெர்ப்பீஸ் வைரஸ், மிக அபூர்வமாக மூளைக்குள் புகுந்து, நெற்றிப் பொட்டுக்கு உட்புறமுள்ள பகுதியை அழிக்கிறது. நினைவுக்கும் பேச்சுக்கும் இன்றியமையாத பகுதி அது. சிகிச்சையின்றி விட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் மாண்டனர். அசைக்ளோவிர் என்ற மருந்து வந்தபின் நிலைமை மாறிற்று; 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அம்மருந்து பெற்றோரில் இறந்தவர் நூற்றுக்கு 28 பேரே. இம்மருந்தின் தந்திரம் வேடிக்கையானது. வைரஸ் தன் பெருக்கத்துக்காக உண்டாக்கும் ஒரு நொதியே இதனை நஞ்சாக மாற்றிக் கொள்கிறது. தன் தூக்குக் கயிற்றைத் தானே திரித்துக்கொள்கிறது என்று சொல்லலாம்!

ஆனால் வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பது வேறு. அது ஏற்கெனவே செய்துவிட்ட கேட்டை நீக்குவது வேறு. அடிபட்ட விரல் வீங்கினால் தோல் இடங்கொடுக்கிறது. மூளை வீங்கினால் மண்டையோடு இடங்கொடுப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, இரத்தவோட்டம் குன்றுகிறது, சுவாசத்தை நடத்தும் அடித்தண்டு நசுங்கும் அபாயமும் நேர்கிறது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைப்பதும், மான்னிட்டால் போன்ற மருந்தால் நீரை இழுப்பதும் இதன் பொருட்டே.

அடுத்தது வலிப்பு. கைகால் வெட்டி இழுத்தால் யாருக்கும் தெரியும். கண்ணிமையோ, உதட்டின் ஓரமோ மட்டும் துடிக்கும் வலிப்பும் உண்டு. புறத்தே எதுவுமே தெரியாத வலிப்பும் உண்டு. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியே அதனைக் காட்டிக்கொடுக்கும். குழந்தை அயர்ந்து தூங்குகிறது என்று நாம் எண்ணியிருக்கையில், உள்ளே புயல் வீசிக்கொண்டிருக்கலாம்.

இரத்தத்தில் சோடியம் குறைவதும் உண்டு. நோயுற்ற மூளை, நீரை வெளியேற்றாதே என்று சிறுநீரகத்துக்குத் தவறாக ஆணையிடுகிறது. தேங்கிய நீர் உப்பை நீர்க்கச் செய்து வீக்கத்தை மேலும் வளர்க்கிறது. மயங்கியவர் வாயில் அன்பினால் ஊற்றும் பாலோ மற்றோர் ஆபத்து: விழுங்கும் திறன் இழந்தவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும்.

மருந்தும் குற்றமற்றதன்று. அசைக்ளோவிரை விரைவாக ஏற்றினால், அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவேதான் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் மெல்ல ஏற்றுகிறார்கள். உடலில் நீர் வற்றாமல் காக்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கி, அதுவே பிதற்றலையும் நடுக்கத்தையும் தரும். நோயா, மருந்தா என்று பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கும் எளிதன்று. அதற்காக, ஜுரம் விட்டதென்று ஐந்தாம் நாளே ஊசியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போவது பெருந்தவறு. ஹெர்ப்பீஸ் நோய்க்கு 14 முதல் 21 நாள் வரை மருந்து தேவை. அரைகுறையாய் விட்டால் வைரஸ் மீண்டும் தலையெடுக்கும்.

இவ்வளவையும் கடந்து வீடு திரும்பிய குழந்தை, சில வாரங்களில் தூக்கமிழந்து, பேச்சுக் குன்றி, கைகால்கள் தம்மிச்சையாய் நெளியத் தொடங்குவதுண்டு. நோய் திரும்பியதென்றே முன்னாளில் பலமுறை கருதினர். முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் சிலரிடம் வைரஸே இல்லை! சிதைந்த மூளையணுக்களைக் கண்டு மிரண்ட உடலின் காவற்படை, மூளையின் சொந்த ஏற்பிகளையே பகையெனக் கருதித் தாக்குகிறது. 2012-ஆம் ஆண்டை ஒட்டித்தான் இது தெளிவாயிற்று. இப்போது வேண்டுவது வைரஸைத் தடுக்கும் மருந்தன்று. அக்காவற்படையை அடக்கும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளே. ஆகையால் தேறிய குழந்தையிடம் இம்மாறுதல்கள் தோன்றினால், முதலில் சிகிச்சை பெற்ற குறிப்புகளுடன் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.