மலையின் எதிரலையும் விமானத்தின் எதிரலையும்

மலைச்சரிவை ஒட்டித் தாழப் பறந்து வரும் விமானத்தைக் கண்டறிவது எளிதன்று. ரேடார் அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்புகையில், மலை, மரம், கட்டடம் ஆகியவற்றின் எதிரலைகளும் உடன் வருகின்றன. விமானத்தின் எதிரலையோ அவற்றினும் மிக நலிந்தது. தொலைவு இருமடங்கானால் அதன் வலிமை பதினாறில் ஒரு பங்காகிவிடும். இச்சிக்கலைத் தீர்க்க உருவானதே 'இந்திரா' ரேடார். 'இந்தியன் டாப்ளர் ரேடார்' என்பதன் சுருக்கம் அது. பெங்களூருவிலுள்ள மின்னணு, ரேடார் வளர்ச்சி நிறுவனம் அதனை வடிவமைத்தது. 1954-இல் அந்நகரில் தொடங்கப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்தது.

'இந்திரா' எல் பட்டையில் இயங்குவது. எடுத்துக்காட்டாக, அப்பட்டையில் 1,300 மெகாஹெர்ட்ஸ் எதிரலை ஒன்றைக் கொள்வோம். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் குறுகிய வடிப்பான் அமைப்பது கடினம். ஆகவே ஏற்பிக்குள்ளேயே 1,270 மெகாஹெர்ட்ஸ் அலையொன்றை உண்டாக்கிக் கலப்பிச் சுற்றில் இரண்டையும் சேர்க்கின்றனர். அங்கே அவற்றின் வேறுபாடான 30-உம், கூட்டுத்தொகையான 2,570-உம் பிறக்கின்றன. முப்பதை மட்டும் வடிப்பான் உள்ளே விடுகிறது. வீட்டு வானொலிப் பெட்டியும் இம்முறையில்தான் இயங்குகிறது.

ஆனால் 1,240 மெகாஹெர்ட்ஸில் வேற்றலை வந்தாலும் வேறுபாடு அதே 30தான்! கலப்பியைக் கடந்தபின் இவ்விரண்டையும் எந்த வடிப்பானாலும் பிரிக்க இயலாது. எனவே, கலப்பிக்கு முன்னரே ஒரு வடிப்பான் வேண்டும். சிற்றலை வானொலியில் ஒரே நிலையம் இரண்டு இடங்களில் ஒலிப்பதைப் பழைய நேயர்கள் கேட்டிருப்பர். அதற்கும் இதுவே காரணம்.

இனி மலையை விலக்க வேண்டும். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் நேராக நெருங்கும் விமானம் எதிரலையின் அதிர்வெண்ணை ஏறத்தாழ 1,700 ஹெர்ட்ஸ் உயர்த்துகிறது; அதாவது பத்து லட்சத்தில் ஒன்றை விடச் சற்றே கூடுதல். அசையாத மலை மாற்றம் எதுவும் செய்வதில்லை. அனுப்பிய அலையோடு ஒத்திசைந்த அலையுடன் மீண்டும் கலந்தால், மலையின் எதிரலை சுழி அதிர்வெண்ணில் வந்து நிற்கும். அதனை வடிப்பான் நீக்கிவிடும். ஏற்பியின் உள் அலையே நிலையின்றி ஊசலாடினால் மலையும் நகர்வதாகத் தோன்றும். எனவே, வடிப்பானை விட அலையியற்றியின் நிலைப்பாட்டிலேயே வடிவமைப்பாளரின் உழைப்பு மிகுதியும் செல்லத்தக்கது.

ஒரு குறையும் உண்டு. ரேடாரை நெருங்காமலும் விலகாமலும் குறுக்காகப் பறக்கும் விமானம் அந்தக் கணத்தில் அதிர்வெண் மாற்றம் எதனையும் உண்டாக்குவதில்லை. மலையோடு சேர்த்து அதனையும் வடிப்பான் நீக்கிவிடும்.