மலையிலே குளிரு, கீழே வெயிலு!

மாசி கடைசியிலேயே நாமக்கல்லில் வெயில் சுள்ளுன்னு அடிக்குது. கொல்லிமலையிலோ விடியற்காலையில் இன்னும் போர்வை வேண்டியிருக்கு. ஏன்?

1000 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். கொல்லிமலை 1000 மீட்டருக்கும் மேல். நாமக்கல் சுமார் 200 மீட்டர்தான்.

கடன் வாங்கிக் கோழி வளர்க்கும் நாம் இதைக் கவனிக்கணும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெயில் தாங்கலைன்னு அர்த்தம்.

கீழே உள்ளவர்கள் சித்திரை வரட்டும்னு இருக்காதீங்க. இப்பவே கொட்டகைக் கூரையில் தென்னங்கீற்று போடுங்க. தீவனத்தைக் காலை, மாலை மட்டும் வையுங்க. குளிர்ந்த தண்ணீர் எப்பவும் இருக்கட்டும்.

மலையில் உள்ளவர்கள் குஞ்சுகளுக்கு இரவில் பல்பு வெளிச்சத்தை நிறுத்திடாதீங்க. அந்தச் சூடு வேணும்.

மாதத்தைப் பார்த்து அல்ல, அவரவர் ஊர் வெயிலைப் பார்த்து நடப்போம்!