வீட்டு நாயும் வீட்டுத் தரையும்

கோடை விடுமுறையில் ஒரு மாத காலம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தமிழ்நாட்டிற்குப் போய் வருவது, வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு ஆண்டுதோறும் வழக்கமான ஒன்று. வளர்க்கும் நாயையோ பூனையையோ தெரிந்தவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டுச் செல்கிறோம். ஜூன் மாதத்து முதல் மழையோடு மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பி வந்து, கதவைத் திறந்து, பெட்டிகளை இறக்கி வைத்துக் கூடத்தில் நாலடி நடக்கிறோம். கணுக்காலில் சுருக்கென்று ஏதோ கடிக்கிறது. குனிந்து பார்த்தால் எள்ளளவே உள்ள பழுப்பு நிறப் பூச்சிகள் துள்ளுகின்றன. ஒரு மாதமாக அந்த வீட்டில் நாயும் இல்லை, மனிதரும் இல்லை. அப்படியிருக்க இவை எங்கிருந்து வந்தன?

எங்கிருந்தும் வரவில்லை. நாம் புறப்பட்டபோதே அவை அங்கேதான் இருந்தன. நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் பூச்சி ஒழியவில்லையே என்று வருந்துவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே. நாயின் உடலில் நாம் காணும் பூச்சிகள் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி நம் வீட்டுத் தரையில் வாழ்கிறது.

தெள்ளுப்பூச்சியின் வாழ்க்கை விந்தையானது. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 20 முதல் 50 வரை முட்டையிடும். அம்முட்டைகள் வழவழப்பானவை, மயிரில் ஒட்டிக்கொள்ளாமல், நாய் நடக்கும் இடமெல்லாம், படுக்கும் இடமெல்லாம் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வெளிவரும் புழுக்கள் வெளிச்சத்தை அஞ்சிக் கம்பளத்தின் அடியிலும் தரையின் வெடிப்புகளிலும் புகுந்துகொள்ளும். அவற்றிற்கு உணவு யாதெனில், தாய்த் தெள்ளு கழித்து உதிர்த்த உலர்ந்த இரத்தத் துகள்கள். முட்டையோடு கூடவே கட்டுச்சோறும் மேலிருந்து விழுகிறது என்று சொல்லலாம். பின்னர் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டின் பசையில் தூசியும் மணலும் ஒட்டி, மருந்து உள்ளே புகாத கவசமாகிவிடும். அக்கூட்டினுள் முழு வளர்ச்சி பெற்ற தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. தரையில் காலடி அதிர்வதும், உடலின் வெம்மையும், மூச்சுக் காற்றும் அதற்கு அழைப்புகள். பூட்டிய வீட்டைத் திறந்து நாம் உள்ளே நடந்தபோது கொடுத்தது அந்த அழைப்பைத்தான்.

தெள்ளின் புழுவுக்கு ஈரக் காற்று இன்றியமையாதது. ஆதலால் மே மாதத்து வறண்ட அனல் காற்றில் டில்லியில் அது தழைப்பதில்லை; மழை தொடங்கியதும் பெருகும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக் காற்று மிகுந்த நகரங்களில் ஆண்டு முழுவதும் அதற்கு நற்காலமே. நாயின் மயிரினடியில் கருந்துகள்கள் தென்பட்டால் அவற்றைச் சீவி எடுத்து நனைந்த வெள்ளைத் துணியில் இட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக நீர் பரவினால் அது தெள்ளின் கழிவு. பரவாவிட்டால் வெறும் அழுக்கு.

தெள்ளு துன்பம் தருவது. உண்ணியோ உயிரையே கொள்வது. நம் நாட்டு நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பழுப்பு உண்ணி. இது பிறக்கும்போது ஆறு கால்களுடன் கடுகளவில் இருக்கும். நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்து, கீழே விழுந்து தோலுரித்து, எட்டுக் காலுடன் மீண்டும் ஏறும். மீண்டும் குடித்து, விழுந்து, தோலுரித்து, மூன்றாம் முறை ஏறும். இறுதியில் ஆமணக்கு விதையளவு ஊதிய பெண் உண்ணி கீழே இறங்கி, ஓர் இடுக்கில் புகுந்து சில ஆயிரம் முட்டைகளை இட்டுவிட்டு மடியும். இலத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே பெயர் வழங்கியது. அந்த ஒப்புமையைக் கண்டவர் நாம் மட்டும் அல்லர்.

பெரும்பாலான உண்ணி வகைகளுக்குப் புல்வெளியும் புதரும் வேண்டும். பழுப்பு உண்ணிக்கு அவை தேவையில்லை; தன் வாழ்நாள் முழுவதையும் ஒரு வீட்டிற்குள்ளேயே நடத்தி முடிக்க வல்லது. ஊரிலே நாய் திண்ணையிலும் களத்துமேட்டிலும் படுத்தது. அதன் உண்ணியும் பெரும்பாலும் வெளியிலேயே விழுந்தது. இங்கே அடுக்குமாடி வீட்டில் நாய் படுப்பது நம் கட்டிலின் அடியில். விழும் உண்ணி சுவரில் ஏறி, கதவு நிலையின் இடுக்கிலும், மின்கம்பிப் பெட்டியின் ஓரத்திலும், சுவாமி படத்தின் பின்புறத்திலும் முட்டையிடுகிறது. மேல்நோக்கி ஏறுவது அதன் இயல்பு; கீழே மட்டும் தேடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உணவின்றிப் பல மாதங்கள் அதனால் உயிர்வாழ முடியும்.

டில்லியிலே நாங்கள் வளர்த்த நாய் ஒன்று ஓர் ஆகஸ்டு மாதத்தில் உணவில் விருப்பமின்றி ஒதுங்கிப் படுத்தது. புழுக்கத்தினால் வந்த சோர்வு என்று எண்ணித் தயிர்சாதம் வைத்தோம். காதுமடலில் கண்ட இரண்டு உண்ணிகளை எடுத்துப் போட்டோம். அதை நோயோடு தொடர்புபடுத்தி நினைக்கவில்லை. நான்காம் நாள் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. மிருக வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "மூன்று நாள் முன்னதாக வந்திருக்கலாம்" என்றார். மருந்து கொடுத்தும் பயனில்லை. அதன் பிறகுதான் நாங்கள் இவற்றையெல்லாம் படித்தோம்.

அந்த நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1935-ஆம் ஆண்டில் அல்ஜீரியா நாட்டில், உண்ணி மொய்த்த நாய்களின் இரத்தத்தில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். எர்லிக்கியா என்பது அதன் பெயர். 1960-களின் இறுதியில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் பெருந்தொகையில் மாண்டதும் இதனால்தான். நம் நாட்டிலும் இது பரவலாக உள்ளது. இரத்தம் உறைவதற்கு உதவும் நுண்தட்டுகள் குறைந்து போவதால் மூக்கிலும் தோலினடியிலும் இரத்தம் கசியும். உண்ணி பரப்பும் மற்றொரு நோய் பபீசியா. அதில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் காப்பிக் கஷாயத்தின் நிறத்தில் இறங்கும். காலத்தில் கண்டால் இரண்டுக்கும் மருந்து உண்டு. முதல் நோய்க்குத் தரும் டாக்சிசைக்ளின் விலை மிகுந்ததும் அன்று. ஆதலால் உண்ணிக் காலத்தில் நாய் இரண்டு வேளை உணவை மறுத்தால், மூன்றாம் வேளைக்குக் காத்திராமல் ஈறின் நிறத்தைப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை உண்ணி மிகுதி, குளிர்காலத்தில் மந்தப்படும். பெங்களூரின் இதமான தட்பவெப்பம் அதற்கு அத்தகைய ஓய்வைத் தருவதில்லை.

நாள்தோறும் மாலை உலா முடிந்து வந்ததும் காதின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், விரலிடுக்கு ஆகிய நான்கு இடங்களையும் தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒட்டிய உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது ஆகிய பழக்கங்களை விட்டுவிட வேண்டும். சிறிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, சோப்பு நீரிலோ சாராய ஆவியிலோ (கடையில் ஸ்பிரிட் என்று கேட்டால் தருவார்கள்) போட்டுவிடலாம். விரலால் நசுக்குதல் கூடாது. நாயின் படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை கொதிநீரில் துவைப்பதும், தூசி உறிஞ்சும் கருவியைச் சுவரோரமாகவும் கட்டிலடியிலும் நாள்தோறும் செலுத்தி அதன் பையை உடனே வெளியே எறிவதும், சுவர் வெடிப்புகளைப் பூசி அடைப்பதும் மருந்துக்கு இணையான பயன் தருபவை. வெறும் துடைப்பம் தெள்ளின் முட்டைகளை இடம் மாற்றுமேயன்றி அகற்றாது.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பூச்சியால் சாவதைத் தப்பிய பிராணி மருந்தால் செத்த கதைகள் உண்டு. முந்திய தலைமுறையினர் காமாக்சீன் பொடியை நாயின் மேல் தூவினர். அதற்கு நம் நாட்டில் 1997-இல் தடை விதிக்கப்பட்டுவிட்டது. எங்கேனும் பழைய பொட்டலம் கிடந்தாலும் தொடாதீர்கள். புகையிலை ஊறிய நீரும் நஞ்சே. இன்று கழுத்தின் பின்புறம் தோலில் விடும் சொட்டு மருந்துகளும், மாதத்திற்கு ஒன்றோ மூன்று மாதத்திற்கு ஒன்றோ கொடுக்கும் மாத்திரைகளும் கிடைக்கின்றன. அளவு பிராணியின் எடையைப் பொறுத்தது. பெரிய நாயின் மருந்தைப் பாதியாக்கிச் சிறிய நாய்க்குக் கொடுப்பது சிக்கனம் அன்று. வலிப்பு வந்த நாயாயின் அதை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொட்டு மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதிருப்பது நல்லது.

பூனை வளர்ப்போர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். நாய்களுக்குரிய பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பொருளைப் பூனையின் ஈரல் சிதைத்து வெளியேற்ற மாட்டாது. நாய்க்குரிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் கண்டு அது இறக்கக்கூடும். நாய்க்கு விட்ட மருந்து உலரும் முன் பூனை அதனோடு ஒட்டிப் படுத்தாலும் ஆபத்தே. அவ்வாறே ஐவர்மெக்டின் என்ற மருந்து மனித குலத்திற்குச் செய்த நன்மைக்காக அதைக் கண்டறிந்தோருக்கு 2015-இல் நோபெல் பரிசே கிடைத்தது. ஆயினும் காலி இன நாய்கள் பலவற்றின் மூளைக்கு அது, உண்ணி சொறிக்குத் தரும் அளவிலேயே கேடு விளைக்கும்.

இனி வயிற்றுப் புழுக்கள். இங்கே நம் குழந்தைகளின் நலமும் கலந்திருக்கிறது. தாய் நாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுவின் இளம் பருவம், அது கருவுற்றதும் விழித்துக் கருப்பையிலேயே குட்டிகளுக்குள் புகும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே சேரும். அதனால்தான் எவ்வளவு தூய்மையான வீட்டில் பிறந்த குட்டியும் புழுவோடு வருகிறது. பிறந்த இரண்டு வாரத்திலேயே தாய்க்கும் குட்டிகளுக்கும் மருந்து தொடங்கி, இரு வாரத்திற்கொரு முறை இரண்டு மாத வயது வரையிலும், பின்னர் மாதம் ஒரு முறை ஆறு மாதம் வரையிலும், அதன் பிறகு மூன்று மாதத்திற்கொரு முறையும் கொடுப்பது முறை.

உருண்டைப்புழுவின் முட்டை கழிவோடு வெளிவந்த உடனே தீங்கு செய்யாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பின்பே அது தொற்றும் தன்மையைப் பெறும். பெற்ற பின் ஆண்டுக்கணக்கில் அழியாது. மண்ணில் விளையாடும் குழந்தை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால், அப்புழு கண்ணில் சென்று தங்கிப் பார்வையைக் கெடுத்ததும் உண்டு. ஆகவே குடியிருப்பின் பூங்காவில் நம் நாய் கழித்ததை அப்போதே காகிதத்தில் எடுத்து அகற்றினால் ஆபத்து அங்கேயே முடிகிறது. இதைச் செய்ய நம்மவர் பலர் கூசுகின்றனர். பக்கத்து வீட்டார் நம்மோடு சண்டைக்கு வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாயின் பின்புறத்தில் அரிசி மணி போல நெளிந்து உலர்வன நாடாப்புழுவின் துண்டுகள். இப்புழு தெள்ளை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் இதற்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை.

அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் வாழ்வோர் கொசுவால் பரவும் இதயப்புழுவைப் பற்றி வைத்தியரிடம் தனியே கேட்டு, இரத்தம் சோதித்த பின் தடுப்பு மருந்து தொடங்குவது நன்று. பூனையின் மணல் தட்டை நாள்தோறும் மாற்றிவிட வேண்டும். அதில் உள்ள டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கருவுற்ற பெண்கள் அவ்வேலையைப் பிறரிடம் விடுவதே போதும். பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை.

வெறிநாய்க்கடி நோய் புழு பூச்சியைச் சேர்ந்ததன்று. ஆயினும் குட்டிக்கு மூன்று மாத வயதில் அதற்குரிய தடுப்பூசி போடாமல் வேறெந்த மருந்து கொடுத்தும் என்ன? நம் நாய் கடித்தாலும், பிறர் நாய் பிராண்டினாலும், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குச் செல்ல வேண்டும். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் சொல்லி அச்சுறுத்திய பழைய முறை நீங்கி வெகுகாலமாயிற்று. இப்போது கையில் சில ஊசிகளே.

மொழி தெரியாத ஊரில் மருந்துக் கடையில் தடுமாறுவோருக்காக ஒரு குறிப்பு. உண்ணியை இந்தியில் கில்னி என்றும், மராத்தியில் கோச்சீட் என்றும் சொல்வார்கள். தெள்ளுக்கு இந்தியில் பிஸ்ஸு என்று பெயர்.

அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன் கம்பளத்தைச் சுருட்டி வெயிலில் காய வைத்து, தரை முழுவதையும் தூசி உறிஞ்சும் கருவியால் ஒரு முறை சுத்தம் செய்துவிட்டுப் பூட்டுங்கள். திரும்பி வந்ததும் குழந்தைகளை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, காலுறை அணிந்த ஒருவர் மட்டும் உள்ளே சென்று அக்கருவியை அறை அறையாக மீண்டும் இயக்கட்டும். கூட்டிலிருந்து எழும் தெள்ளுகளில் ஒரு பங்கு அதிலேயே சிக்கிவிடும்; எஞ்சியவை இரண்டு மூன்று வாரம் வரையில் சிறிது சிறிதாக வெளிவரும். ஆதலால் நாயைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து அழைத்து வருவதற்கு முன்பே அதற்குரிய மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். அழைக்கப் போகும்போது, அவர்கள் வீட்டு வாசலிலேயே அதன் விரலிடுக்கையும் காதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.