வியாழக்கிழமை மாலை



உங்கள் பிள்ளையோடு நீங்கள் இறுதியாகத் தனியே அமர்ந்து பேசியது எப்போது? பரீட்சைப் புள்ளிகளைப் பற்றியோ ரியூசன் வகுப்பைப் பற்றியோ பேசியதை நாம் கேட்கவில்லை. அப்பிள்ளையின் அச்சங்களையும் ஆசைகளையும், தேவனைப் பற்றி அது எண்ணுவதையும் பேசிய நேரத்தையே கேட்கின்றோம். இதற்கு உடனே விடை கூற இயலாதோர் நம்மிற் பலர். அவ்வாறானோர், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு குருமனையில் நடந்த வீட்டுக் கல்வியைச் சற்று நோக்குவது நன்று.

லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வர்த் என்னும் சிற்றூரின் குருவானவர் சாமுவேல் வெஸ்லி. அவருடைய மனைவி சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிசுப் பருவத்திலேயே மரித்தனர். வீட்டில் வருவாய் குறைவு, கடனோ மிகுதி. 1705ஆம் ஆண்டில், கடனைச் செலுத்த இயலாமையால், குருவானவரே லிங்கன் நகரிற் சிறையிருக்க நேர்ந்தது. இத்தனை நெருக்கடிக்குள்ளும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பைச் சூசன்னா தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அவரும் லண்டனிற் குருவானவராயிருந்த தம் தந்தையின் இல்லத்தில் கற்று வளர்ந்தவரே.

அவர் கைக்கொண்ட முறையை, மகன் ஜோன் கேட்டதற்கிணங்க 1732ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் விவரிக்கின்றார். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்த மறுநாளே பாடம் தொடங்கும். அதற்கு முந்திய நாளிலேயே வீடு ஒழுங்குபடுத்தப்பட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை பகிர்ந்தளிக்கப்படும். காலை 9 மணி முதல் 12 மணி வரையும், பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரையும் எவரும் அந்த அறைக்குள் வரலாகாது. முதல் நாளில் நெடுங்கணக்கு. அது முடிந்ததும் ஆதியாகமம் முதலாம் அதிகாரம். பிள்ளைகளில் இருவருக்கு மட்டும் எழுத்துகளை அறிய ஒன்றரை நாள் சென்றது. பெண்பிள்ளை நன்கு வாசிக்கக் கற்கும் முன் அவளுக்குத் தையல் முதலிய வேலைகளைப் பழக்கலாகாது என்பதும் அவ்வீட்டின் விதி. பெண்களின் கல்வியைப் பெரிதாகக் கருதாத அக்காலத்தில் இது சிறிய காரியமன்று.

இவ்வாறு கட்டியெழுப்பிய ஒழுங்கு 1709ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓர் இரவிற் சிதைந்தது. குருமனை தீக்கிரையாயிற்று. மேல்மாடியில் அகப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஜோன் சாளரத்தின் வழியே மீட்கப்பட்டான். வீடு மீண்டும் எழும்பும் வரை பிள்ளைகள் வெவ்வேறு இல்லங்களிற் பிரிந்து வாழ்ந்தனர். திரும்பி வந்தபோது அவர்களுடைய பேச்சும் நடத்தையும் மாறியிருந்தன. ஓய்வுநாள் ஒழுங்கும் தளர்ந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் தாம் பாடுபட்டு விதைத்ததைச் சில மாதங்கள் கலைத்துவிட்டதைத் தாய் கண்டார். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்கினார். பாட நேரம் சங்கீதத்தோடு தொடங்கிச் சங்கீதத்தோடு முடிந்தது. மாலை 5 மணிக்கு மூத்த பிள்ளை இளைய பிள்ளையை அழைத்துச் சென்று வேதம் வாசித்தது.

வாசகர்களே, இதன் பின்னர் நடந்ததை நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். 1711ஆம் ஆண்டின் இறுதியையொட்டிய குளிர்காலத்தில், கணவர் லண்டன் சென்றிருந்த வேளையில், மகள் எமிலியா தந்தையின் வாசிப்பறையில் ஒரு நூலைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு 1706ஆம் ஆண்டில் தமிழகத்தின் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கிய சீகன்பால்க், புளூட்சோ ஆகிய மிஷனரிமாரின் பணியைக் கூறும் நூல் அது. தமிழ் மக்களுக்காக அவர்கள் பட்ட பாட்டைக் கேட்ட சூசன்னாவின் உள்ளம் உருகிற்று. தூரதேசம் செல்லத் தம்மால் இயலாது. ஆனால் தம் கூரையின் கீழ் உறங்கும் ஆத்துமாக்களுக்கு இன்னும் அதிகமாகச் செய்யலாமே என எண்ணினார்.

அன்று முதல் ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனியே உரையாடத் தீர்மானித்தார். திங்கள் மொலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜோன், வெள்ளி பற்றி, சனி சார்ள்ஸ். ஞாயிறு எமிலியாவும் சூக்கியும். பல ஆண்டுகளின் பின், ஒக்ஸ்போர்டிற் கல்வி புகட்டிக்கொண்டிருந்த ஜோன், அந்த வியாழக்கிழமை மாலையிற் சிறிதளவை மீண்டும் தமக்குத் தரும்படி தாய்க்கு எழுதினார். கிரேக்கமும் இலத்தீனும் கற்ற மகனுக்கு, தாயோடிருந்த அந்தச் சிறுபொழுதே மறக்கவியலாப் பாடமாயிற்று.

சூசன்னா குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. ஒரு வயதுக் குழந்தையையும் பிரம்புக்கு அஞ்சி ஓசையின்றி அழப் பழக்கிய அவருடைய கடுமையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகள் மூவரும் பின்னர் வெளியே சென்று பாடசாலைகளிற் பயின்றனர். கல்வியிற் சிறந்து விளங்கிய ஹெட்டியின் மணவாழ்வோ துயர் மிகுந்ததாயிற்று. வீட்டுக் கல்வி துன்பம் அணுகாமற் காக்கும் மந்திரமன்று; பெற்றோர் செய்யத்தக்கது விதைப்பது மட்டுமே.

விதைத்தது எங்கே முளைக்கும் என்பதை எவர் அறிவார்? ஜோனும் சார்ள்ஸும் தொடக்கிய மெதடிஸ்த இயக்கத்தின் மிஷனரிமார் 1814ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தனர். தரங்கம்பாடியிலிருந்து எப்வர்த்துக்குச் சென்ற செய்தி, ஒரு தாயின் மாலைப்பொழுதுகளைக் கடந்து, தமிழரிடமே திரும்பி வந்தது.

பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்துங்கள் என்பது நம் கருத்தன்று. புலமைப்பரிசிற் பரீட்சையும் வேண்டியதே. ஆனால் ஞாயிறு காலையையும் வகுப்புகளுக்கே கொடுத்துவிட்டு, பிள்ளையின் உள்ளத்தைப் பிறர் பொறுப்பில் விடுவது தகுமா? வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் தம் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டுமென உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கட்டளையிட்டது பெற்றோருக்கே அன்றோ?

உங்கள் பிள்ளைகள் இருவராயினும் ஐவராயினும், ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலையைக் குறித்து வையுங்கள். தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, முதலில் பிள்ளை பேசக் கேளுங்கள். பின்னர் இருவருமாக ஜெபியுங்கள். அந்தச் சிறுபொழுதைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.