குழிந்த மார்பும் வளைந்த உருக்கும்

நெஞ்சின் நடுவே கிண்ணமொன்றைப் பதித்தெடுத்தாற்போலக் குழிவிழுந்த மார்புடைய பிள்ளைகள் உளர். ஏறக்குறைய 300 அல்லது 400 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது வைத்தியர் கூறும் கணக்கு. ஆண்பிள்ளைகளிடத்தே இது மிகுதி. விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகளின் வளர்ச்சி பிறழ, மார்பெலும்பு உள்நோக்கி அமிழ்கின்றது. உடல் விரைந்து வளரும் பருவத்திலே குழி மேலும் ஆழமாகும். ஆழம் மிகுந்தவிடத்து இருதயம் இடப்புறமாக ஒதுங்கும். ஓடும்போது மூச்சு இரைக்கும்.

விளையாட்டு நேரத்திலே மேற்சட்டையைக் கழற்ற மறுத்து மரநிழலில் ஒதுங்கி நின்ற சிறுவனைச் சோம்பேறியென்று கடிந்துகொண்ட ஆசிரியருள் நானும் ஒருவன். அவன் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தது இன்னதென்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன்.

இக்குறையைத் திருத்தும் சத்திர சிகிச்சையை 1949 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் டொக்டர் மார்க் ரவிச் விரிவாக எடுத்துரைத்தார். மார்பின் முன்புறத்தைப் பிளந்து, பிறழ்ந்த குருத்தெலும்புகளை வெட்டி நீக்கி, மார்பெலும்பை நிமிர்த்தி வைப்பது அம்முறை. பலருக்கு அது நற்பயன் தந்தது. ஆயினும், மிக இளம் பிள்ளைகளுக்கு அளவுக்கு மிஞ்சி வெட்டப்பட்டபோது வேறொரு கேடு விளைந்தது. விலாக்கள் வளரும் இடமே அழிந்தமையால் மார்புக்கூடு விரிய மாட்டாது சிறுத்து நின்றது. அப்பிள்ளைகள் வளர வளர மூச்சுக்கு இடம் போதவில்லை. இதனை 1996 இல் எடுத்துக்காட்டி எச்சரித்தவர்களும் அதே பல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்களே.

இதற்கிடையில், 1987 இல், வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரிலே டொக்டர் டொனல்ட் நஸ் வேறுவிதமாக எண்ணினார். கோணற் பற்களைக் கம்பியிட்டு நேராக்குகிறோம். நாட்பட்ட சுவாசப்பை நோயால் முதியவரின் மார்புங்கூடப் பீப்பாய்போல் உருமாறுகின்றது. அங்ஙனமாயின், இளங்கொம்புபோல் வளையுந் தன்மையுள்ள பிள்ளையின் மார்பை வெட்டுவானேன்? உள்ளிருந்து உந்தினால் அது தானே நிமிராதோ? பத்தாண்டுகள் பொறுத்திருந்து, 42 பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்த பின்னரே, 1998 இல் தம் முறையை அவர் அச்சிலே வெளியிட்டார்.

முறை இதுவாகும். பிள்ளையின் இரு பக்கங்களிலும், கைகளுக்குக் கீழே, சிறு வெட்டு ஒவ்வொன்று இடப்படும். மார்பின் அளவுக்கேற்ப வில்லென வளைத்த உருக்குப் பட்டை ஒரு பக்கத்தால் உட்புகுந்து, மார்பெலும்பின் பின்னாக, இருதயத்தின் முன்னாகச் சென்று, மறுபக்கத்தால் வெளிவரும். அப்போது வில்லின் குழிவு மேல்நோக்கியிருக்கும். பின்னர் பட்டையைப் புரட்டுவர். புரண்ட கணத்திலேயே அமிழ்ந்திருந்த நெஞ்சு எழுந்துவிடும். பட்டையின் முனைகளைப் பக்கச் சுவரோடு பிணைத்து வெட்டுக்களைத் தைத்துவிடுவர். குருத்தெலும்பு எதுவும் நீக்கப்படுவதில்லை.

துடிக்கும் இருதயத்துக்கும் எலும்புக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியிலே உருக்கைச் செலுத்துவது எளிய காரியமன்று. தொடக்கத்திலே கைத்திறனை நம்பியே அதனைச் செய்தனர். இன்று மெல்லிய குழாயின் நுனியிற் பொருத்திய கமராவைப் பக்கத்து வழியாக நுழைத்து, கருவி செல்லும் பாதையைத் திரையிலே கண்டபடி செலுத்துகின்றனர். அங்ஙனமிருந்தும் இருதயம் காயமுற்று உயிராபத்து நேர்ந்த நிகழ்ச்சிகள், அரிதாயினும், உண்டு. "சிறு வெட்டுத்தானே" என்று பெற்றோர் இலேசாக எண்ணலாகாது.

நோவுஞ் சிறிதன்று. மார்புக்கூடு ஒரே நாளில் இடம்பெயர்வதால், முதற்சில நாள்கள் கடும் வலி உண்டு. அண்மைக் காலத்திலே, விலாக்களின் கீழ் ஓடும் நரம்புகளைக் கடுங்குளிரால் உறையச் செய்து, சில மாதங்களுக்கு உணர்விழக்கச் செய்யும் உபாயம் பல வைத்தியசாலைகளிற் கையாளப்படுகின்றது. நரம்பு மெல்ல மெல்லத் தன் உணர்வை மீளப் பெறும்.

காலமறிந்து செய்வதும் முக்கியம். மிக இளமையிற் செய்தால், வளர்ச்சிப் பருவத்திலே குழி மீண்டும் விழக்கூடும். மிகவும் பிந்தினால் எலும்பு இறுகிவிடும். ஆதலின் பன்னிரண்டு வயதையொட்டியும் அதற்குப் பின்வரும் சில ஆண்டுகளிலுமே பெரும்பாலும் செய்கின்றனர். குழி ஆழமில்லாத பிள்ளைகளுக்குச் சத்திர சிகிச்சையே வேண்டியதில்லை; தேகப்பயிற்சியும் அவதானிப்பும் போதும்.

பட்டை இரண்டு மூன்று ஆண்டுகள் உள்ளேயிருக்கும். அதுவரை மோதி விழக்கூடிய விளையாட்டுகள் விலக்கு. பின்னர் பழைய தழும்புகளையே திறந்து, பட்டையை நேராக்கி உருவியெடுப்பர். பெரும்பாலான பிள்ளைகள் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர்.