நஞ்சும் முறியும்: கிருமிக்குள் ஒரு காவல்

மருந்தொன்றின் உபயோகத்தை நிறுத்திவிட்டால், அதை எதிர்க்கும் ஆற்றலையும் கிருமிகள் நாளடைவில் இழந்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. வேண்டாத சுமையை யார்தான் சுமப்பர்? ஆயினும் கிருமிகளின் உலகில் இக்கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை இங்கே ஆராய்வோம்.

பாக்டீரியாவின் உயிரணுவில் அதன் பெரிய மரபு இழையோடு, 'பிளாஸ்மிட்' எனப்படும் சிறு வளையங்களும் இருப்பதுண்டு. இப்பெயரை 1952-ஆம் ஆண்டில் சூட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க். மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் பல இவ்வளையங்களில் அமைந்துள்ளன. ஒரு கிருமியிலிருந்து வேற்றினக் கிருமிக்கும் இவற்றுட் பல தாவ வல்லவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பன்னாட்டு அறிஞர்களும் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. கார்பபெனம் எனும் வலிய மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 மரபணுவை அவர்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் கண்டனர். பெரும்பாலானவற்றில் அது பிளாஸ்மிட்டிலேயே இருந்தது.

பிளாஸ்மிட்டைப் பேணுவது கிருமிக்குச் செலவுதான். உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒரு சேய்க்குப் பிளாஸ்மிட் கிட்டாமற் போகலாம். சுமையற்ற அச்சேய் விரைந்து பெருகி மற்றவற்றை வென்றுவிட வேண்டுமல்லவா? அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது.

பல பிளாஸ்மிட்டுகளில் இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்று நஞ்சை ஆக்குவது. மற்றது அந்நஞ்சின் முறியை ஆக்குவது. நஞ்சு நெடுநேரம் நிலைக்கும். முறியோ விரைவில் சிதையும். பிளாஸ்மிட் உள்ளவரை முறி ஓயாது உற்பத்தியாவதால் கேடில்லை. பிளாஸ்மிட்டை இழந்த சேயோ தாயணுவிடமிருந்து நஞ்சையும் முறியையும் பெற்றே பிறக்கிறது. சிறிது நேரத்தில் முறி அழிகிறது. புதிய முறியை ஆக்க மரபணு இல்லை. எஞ்சிய நஞ்சு சேயைக் கொல்லும், அல்லது அதன் வளர்ச்சியை முடக்கும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுவே பிளாஸ்மிட்டின் தந்திரம்.

ஜப்பானிய அறிஞர்கள் ஒகுராவும் ஹிராகாவும் 1983-இல் எஃப் பிளாஸ்மிட்டில் இத்தகைய இணையொன்றைக் கண்டறிந்தனர். அதன் நஞ்சு, மரபு இழையின் முறுக்கைச் சீர்செய்யும் கைரேஸ் என்ற நொதியைத் தாக்கி இழையை முறிக்கிறது. ஆர்1 பிளாஸ்மிட்டின் வழி வேறு. அதை 1986-இல் டென்மார்க்கின் கெர்டெஸ் குழுவினர் விளக்கினர். அங்கே முறியாக நிற்பது ஆர்.என்.ஏ. துண்டு. அது சிதைந்ததும் நஞ்சுப்புரதம் உருவாகி உயிரணுவின் சவ்வைக் கெடுக்கிறது.

இந்த ஏற்பாடு பிளாஸ்மிட் தவறிப்போவதைத் தடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவறவிட்டவை பெருகாதபடி செய்வதே இதன் வேலை. ஆகவே, மருந்து இல்லாத காலத்திலும் கூட்டத்தில் பிளாஸ்மிட் உடையவையே மிஞ்சுகின்றன. அதனோடு மருந்தெதிர்ப்பும் தங்கிவிடுகிறது.

அதனால் மருந்தைக் கட்டுப்படுத்துவது வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017-இல் நிறுத்திய பின், அம்மருந்தை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு அங்கே வெகுவாகக் குறைந்தது. மலேசியாவும் 2019 ஜனவரி முதல் உணவுக்குரிய கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. நஞ்சும் முறியும் காவல் இருப்பினும், காவலுக்கும் எல்லை உண்டு.

நம் நாட்டில் திரெங்கானுவின் சுல்தான் ஜைனல் அபிடின் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்த நஞ்சு-முறி இணைகளை ஆராய்ந்துள்ளனர். முறியை விலக்கி, கிருமியின் நஞ்சாலேயே கிருமியை மாய்க்க இயலுமா என்பது அறிஞர்களின் கேள்வி. அது கைகூடும்வரை பினாங்குவாசிகளாகிய நாம் செய்யக்கூடியது எளியது: மருத்துவர் சொல்லாத ஆன்டிபயாட்டிக்கை உண்ணாதிருப்போம், சளிக்காய்ச்சலுக்கு அதைக் கேட்டு வற்புறுத்தாதிருப்போம். ஒருமுறை குடியேறிய பிளாஸ்மிட்டை வெளியேற்றுவதைவிட, அது பெருகுவதற்கு இடங்கொடாதிருப்பது எளிது.